டேங்கில் போட்ட வாய்க்கரிசி

உக்காருங்க அண்ணாச்சி. பையை நான் மடியில வச்சுக்கிடுதேன். நத்தக்குளம் வரைக்கும் இந்த பஸ்ஸை உருட்டிக்கிட்டுத்தான் போவான், பொழுது போகணும்ல.

ஏறின ஒடனே ஒண்ணு கேட்டீங்க பாருங்க, வீட்ல யாரும் தவறிட்டாங்களான்னு. மொட்டைத் தலையும் மழிச்ச மீசையுமா ஒருத்தன் உக்காந்திருந்தா மனுசன் கேக்குற கேள்வி அதுதான். எங்க ஊர்ல ஒருத்தன் கேக்கல அண்ணாச்சி. எதுக்க வர்றவன் எல்லாம், 'என்ன நகரம், லிட்டருக்கு எவ்வளவு ஏத்திட்டான்'னுதான் கேக்கான். இருங்க, உங்களுக்குப் பதில் சொல்லுதேன். மொட்டையா ஆமா இல்லைன்னு சொன்னா அது வெளங்காது. முன்னாடி உள்ளதையும் சேத்துச் சொன்னாத்தான் வெளங்கும்.

நகரம்னா நான்தான். பேரு அய்யாத்துரை, எங்க கட்சிக்கு நகரச் செயலாளர். கட்சிக்காரன் எவனும் முழுப் பதவியச் சொல்லிக்கிட்டு இருக்க மாட்டான். மாவட்டச் செயலாளரை மாவட்டம்பான், ஒன்றியச் செயலாளரை ஒன்றியம்பான், என்னைய நகரம்பான். எங்கய்யா ஒரு நாள் இதைக் கேட்டுட்டுச் சொன்னாரு, 'ஏல, நகரம்னு பேரு வச்சுக்கிட்டுத் திரியுத, தெருக்குழாயில தண்ணி வரல'ன்னு. அய்யான்னா எங்க அப்பா. நக்கல் பிடிச்ச ஆளு.

எந்தக் கட்சின்னு மட்டும் கேக்காதீங்க. சொன்னா நீங்களும் சிரிப்பீங்க. நாங்க இப்ப எந்தப் பக்கம் நிக்கோம்னு எனக்கே காலையில பேப்பரைப் பாத்தாத்தான் தெரியுது.

வீட்ல வண்டி இருக்கு அண்ணாச்சி. பஸ்ஸுல போறவன்னு நினைச்சிராதீங்க. நல்ல வண்டி, கட்சிக்கொடி மாட்டுற கம்பி எல்லாம் வச்சது. டேங்க்ல சொட்டு இல்ல, அதான். நெரப்பணும்னா பங்க்குக்குப் போகணும். எங்க ஊருக்கு இருக்கிறது ஒரே பங்க், ஜங்ஷன்ல. அங்க நான் போக முடியாது. போன வாரம் போய்ப் பாத்தேன். வரிசையில நிக்கேன், பின்னாடி இருந்து எவனோ ராகம் போட்டு இழுக்கான், 'என் ராசா'ன்னு. வரிசை பூரா சிரிக்கு. பெட்ரோல் போடுற பிள்ளை குழாயப் பிடிச்சுக்கிட்டே வாயப் பொத்துது. வண்டியத் தள்ளிக்கிட்டே வீட்டுக்கு வந்துட்டேன். வெக்கமாப் போச்சு.

அந்த 'என் ராசா' எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்லுதேன்.

போன வருசம் நாங்க எதிர்ப்பக்கம். அப்ப பெட்ரோல் விலை காசு காசா ஏறுச்சு, ஞாபகம் இருக்கா? ராத்திரி படுக்கையில ஒரு விலை, காலையில பல்லு விளக்கையில ஒரு விலை. தலைமைக் கழகத்துல இருந்து உத்தரவு வந்துச்சு, நகரம் தோறும் நூதனப் போராட்டம்னு. நூதனம்னா என்ன, டிவிக்காரன் வரணும், அம்புட்டுதான். ஒன்றியம் மாட்டு வண்டியில போறேன்னு போனாரு. மாடு கொட்டுச் சத்தத்துல மிரண்டு ஆளை வாய்க்கால்ல தள்ளிருச்சு. அது டிவியில வரத்தான் செஞ்சது, ஆனா வேற மாதிரி வந்துச்சு. மாவட்டம் எனக்குப் போன் போட்டாரு. 'நகரம், நீயாவது மானத்தக் காப்பாத்துய்யா'ன்னாரு.

நான் சொன்னேன், அண்ணே, வண்டிக்குப் பாடை கட்டிருவோம்னு.

பாடை கட்டுறது புதுசில்ல. எல்லாக் கட்சிக்காரனும் கட்டுனதுதான். ஆனா அவனெல்லாம் ரெண்டு மூங்கிலு, ஒரு மாலை, நாலு கோசம்னு முடிச்சிருவான். நான் அப்பிடி இல்ல. செஞ்சாச் சாங்கியம் குறையக் கூடாது. மெக்கானிக் கடையில ஓடாமக் கெடந்த ஒரு பழைய வண்டியத் தூக்கிட்டு வந்தோம். தெருக்குழாய்க்குக் கொட்டோட போய்க் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்தோம், கோடித்துணி போத்துனோம். ஹெட்லைட்டுதான நெத்தி, அதுல ஒத்த ரூபாக் காசு ஒட்டுனோம். வாய்க்கரிசிய எங்க போடன்னு ஒருத்தன் கேட்டான். வண்டிக்கு வாய் எதுன்னு நான்தான் சொன்னேன். டேங்க் மூடியத் திறந்து, மூணு தடவை, கை நெறையப் போட்டேன். கூட்டம் சிரிச்சுச்சு பாருங்க, எனக்கு ஒரே பெருமை.

ஒப்பாரிக்கு நத்தக்குளம் சீனியம்மா. இப்ப நான் பாக்கப் போறது அந்தம்மாவைத்தான். சுத்துப்பட்டுல எந்த வீட்ல எழவுன்னாலும் அவ வந்தாத்தான் எழவுக்கு ஒரு களை. களைன்னு சொல்லக் கூடாது, இருந்தாலும் அப்பிடித்தான். சாதாரணமாப் பேசையில தொண்டையில சத்தமே வராது. தலையவிழ்த்து நின்னு வாயத் திறந்தான்னா தெரு முக்கு வரைக்கும் கேக்கும். 'வண்டிக்குப் பாடணும் தாயி'ன்னேன். என்னைய ஒரு மாதிரியாப் பாத்தா. அப்புறம், 'வண்டி யாரு ஓட்டுனது'ன்னு கேட்டா. 'யாரோ ஒருத்தன் ஓட்டுனது, உனக்கு எதுக்கு'ன்னேன். 'ஆளு தெரியாம எப்பிடிண்ணே அழுகுறது'ன்னா. அப்புறம் அவளே ஒரு ஆளை நினைச்சுக்கிட்டுப் பாடுனா.

எண்ணெ விலை ஏறயில – என் ராசா
நீ எறங்கிப் போனதென்ன
தள்ளிக்கிட்டுப் போகத்தானா – என் ராசா
தங்கமின்னு வாங்கி வந்தோம்

அதான் அந்த 'என் ராசா'. அவ புருசன் மொபெட்ல மீன் வித்து வாழ்ந்த ஆளாம், போய்ச் சேந்து ரொம்ப வருசமாச்சாம். எனக்குப் பின்னாடிதான் தெரியும். பாடயில நெசமாவே அழுதா. கேமராக்காரன் அவ மூஞ்சிகிட்டப் போயி எடுத்தான். நல்லா வந்திருக்குன்னு மாவட்டமே தட்டிக் குடுத்தாரு.

அதோட நிப்பாட்டிருக்கணும். ஜங்ஷன்ல, பங்க்குக்கு முன்னாடி பாடைய எறக்கி வச்சுட்டு, நான் கொள்ளிச்சட்டியோட நிக்கேன். டிவிக்காரன் சொல்லுதான், 'கொள்ளி வைக்கிறவரு மொட்டை போடுவாருல்லண்ணே, அது எங்க?'ன்னு. மாவட்டம் என்னையப் பாத்தாரு. கூட்டம் பூரா என்னையப் பாக்கு. எதிர்ச்சாரியில லோடுமேன் ஸ்டாண்டு. அங்க எங்கய்யா உக்காந்திருக்காரு.

எங்கய்யா லோடுமேன். வெயிலுமுத்துன்னா ஜங்ஷன்ல எல்லாருக்கும் தெரியும். லாரியில வர்ற மூட்டை அம்புட்டும் அவர் தோள்ல எறங்குனதுதான். வயசாகி வேலைய விட்டப்புறமும் காலையில டீயக் குடிச்சிட்டு ஸ்டாண்டுல போய் உக்காந்தாத்தான் அவருக்குப் பொழுது விடியும். அப்பன் உசுரோட இருக்கையில மகன் மீசைய எடுக்கக் கூடாது அண்ணாச்சி. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஒரு நிமிசம் யோசிச்சேன். சேர்மன் சீட்டுக்கு என் பேரு அடிபட்டுக்கிட்டிருந்த நேரம் அது. நாவிதரைக் கூப்பிட்டாச்சு, ரோட்டுலயே உக்காந்தாச்சு. தலை, மீசை, எல்லாம். எல்லாச் சேனல்லயும் வந்துச்சு.

ராத்திரி வீட்டுக்குப் போனா எம் பொஞ்சாதி மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. அய்யா கட்டில்ல உக்காந்திருந்தாரு. 'கிட்ட வா'ன்னாரு. என் மண்டையத் தடவிப் பாத்தாரு. 'எனக்குச் செய்யுறதுக்கு ஒத்திகை பாத்தியாக்கும்'னாரு. சிரிச்சாரு. அவரு சிரிச்சதால நானும் சிரிச்சேன். வருத்தப்பட்டிருந்தாத் திட்டியிருப்பாருல்ல? அவரு ஒண்ணும் மனசுல வச்சுக்கிடல. வச்சிருந்தா அப்புறம் அதைச் சொல்லியிருப்பாரா?

எதைன்னா, ரெண்டு மூணு நாள் கழிச்சு வெத்தலை போட்டுக்கிட்டே சொன்னாரு. 'ஏல, அந்தப் பொம்பளை நல்லாப் பாடுதா. எனக்கும் அவளையே சொல்லிரு. ஜங்ஷன் வழியாக் கொண்டு போங்க. ஸ்டாண்டுல நம்ம பயலுக நிப்பானுவ. காலம் பூரா அந்த எடத்துல மூட்டைய எறக்கியிருக்கேன், என்னையும் அங்க ஒருக்க எறக்கி வச்சுட்டுத் தூக்குங்க.' அம்புட்டுதான் கேட்டாரு. வேற ஒண்ணும் கேட்டதில்ல அவரு. கறிச்சோறு கூடக் கேக்க மாட்டாரு.

சரிய்யான்னேன்.

அப்புறம் எம்.எல்.ஏ. எலெக்சன் வந்துச்சு. யார் விலைய ஏத்துனான்னு பாடை கட்டுனமோ, அவங்களோடயே கூட்டணி. தலைமை முடிவு பண்ணா நகரம் என்னத்தச் சொல்ல? எங்களுக்குன்னு சென்னையில இருந்து ஒரு ஆளு வந்து கூட்டம் போட்டு வகுப்பெடுத்தாரு. இனிமே விலை உயர்வுன்னு சொல்லப்பிடாது, விலைச் சீரமைப்புன்னு சொல்லணும். போன வருசம் இதே வாயாலதான், 'உலகச் சந்தையில பேரல் விலை எறங்கிருச்சே, இங்க ஏன் ஏத்துத'ன்னு மேடையில கேட்டேன். இப்ப அதே வாயால, 'பேரல் விலை ஏறுனா அவன் என்ன செய்வான்'னு கேட்டேன். பேரல்னா எம்புட்டு கொள்ளும்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. அப்பவும் தெரியாது, இப்பவும் தெரியாது.

எலெக்சன் முடியுற வரைக்கும் விலை அசையல. ஊர்ல டீக்கடையில பேசிக்கிட்டானுவ, ஓட்டுப் போட்ட மை அழியட்டும், அப்புறம் இருக்கு வேடிக்கைன்னு. அய்யாத்துரை என்ன செய்யுதான்னு பாப்போம்னு. என்னையப் பாக்கவே காத்துக்கிட்டிருந்தானுவ.

மை அழியல, ஏத்திட்டான். காசு காசா இல்ல, ஒரே தூக்கு. காலையில பால் வாங்கப் போன எம் பொஞ்சாதிதான் சேதி கொண்டு வந்தா. 'உங்க ஆளுக ஏத்திட்டாங்களாம்'னா. பால் சட்டிய வச்சுட்டு அய்யாவுக்குக் காப்பி குடுக்கப் போனவ, அங்க இருந்தே கத்துனா.

தூக்கத்துலயே போயிருக்காரு. சிரமம் இல்லாத சாவு. எல்லாரும் அப்பிடித்தான் சொன்னாங்க.

நான் சீனியம்மாவுக்கு ஆள் அனுப்புனேன். கொட்டுக்காரங்களுக்குச் சொல்லி விட்டேன். நம்ம ஊருக்குன்னு இருக்கிறது ஒரு கொட்டு செட்டுதான அண்ணாச்சி, பாடை கட்டுறவரும் ஒருத்தருதான். வண்டிக்கு வந்த அதே ஆளுகதான் எங்கய்யாவுக்கும் வந்தாங்க. வேற யாரக் கூப்பிட முடியும்?

ஈர வேட்டியோட நீர்மாலை எடுக்கத் தெருக்குழாய்க்குப் போறோம். ஒருத்தன் வண்டிய நிப்பாட்டி ஒரு காலை ஊனிக்கிட்டுக் கேக்கான், 'என்னண்ணே, இந்தத் தடவ எந்த வண்டிக்கு?'ன்னு. மனசறிஞ்சு கேக்கல அவன். நெசமாவே போராட்டம்னு நினைச்சுக்கிட்டான். 'நல்லாச் செய்யுங்கண்ணே, நம்மளால தாங்க முடியல'ன்னு எனக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறான். நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். கூட வந்த எங்க தங்கச்சி மாப்பிள்ளை சங்கிலி அவனைத் திட்டப் போனான், நான்தான் விடுன்னேன். அதுக்குள்ள நாலு பேரு போன எடுத்துப் படம் பிடிச்சுட்டானுவ.

வீட்டுக்கு வந்து வாய்க்கரிசி போடயில, எங்கய்யா வாயத் தொடுதேன், எனக்கு அந்த டேங்க் மூடி ஞாபகம் வருது அண்ணாச்சி. அந்தச் சிரிப்புச் சத்தம் காதுல கேக்கு. அரிசி கையில ஒட்டிக்கிட்டு விழ மாட்டேங்கு. நெத்தியில காசு ஒட்டுதாங்க, எனக்கு ஹெட்லைட்டு ஞாபகம். மனுசனா நான்? பெத்த அப்பன் மூஞ்சியப் பாக்க முடியல என்னால. வெக்கம்னா அதுதான் வெக்கம். இதை எம் பொஞ்சாதிகிட்டக் கூடச் சொல்லல, உங்ககிட்டச் சொல்லுதேன். நத்தக்குளம் வந்தா எறங்கிருவேன், அதனாலதான் சொல்ல முடியுது.

பாடையத் தூக்கியாச்சு. நான் கொள்ளிச்சட்டியோட முன்னாடி போறேன். தெரு முக்குல இடது கைப்பக்கம் திரும்புனா ஜங்ஷன். சீனியம்மா தலையவிழ்த்துட்டா. எங்கய்யா யாரு என்னன்னு யார்கிட்டயும் அவ கேக்கல. அவருதான் போன வருசமே அவளுக்குத் தெரிஞ்சவரு. வண்டிக்குப் பாடி முடிச்சுட்டு நின்னவளுக்கு ஸ்டாண்டுல இருந்து டீ வாங்கிக் குடுத்தது அவருதானாம்.

மூட்டை சுமந்த தோளு – என் அய்யா
மூங்கில் மேல சாஞ்சதென்ன
ஊருச்சுமை நீ சுமந்தே – என் அய்யா
ஒன்னச் சுமக்க

அந்த எடத்துலதான் போன் வந்துச்சு.

என் ரெண்டு கையிலயும் சட்டி. போன் சங்கிலிகிட்ட இருக்கு. 'மச்சான், மாவட்டம்'னான். காதுல வைன்னேன். வைக்காதன்னு சொல்லியிருக்கணும். வைன்னேன். மாவட்டம் எடுத்த எடுப்புல, 'யோவ் நகரம், கூட்டணியில இருந்துக்கிட்டுப் பாடை கட்டுதியாய்யா? மேல இருந்து என்னையக் கேக்காங்க. என்னய்யா கோமாளித்தனம் இது'ங்காரு. நான், 'அண்ணே, எங்கய்யாண்ணே'ங்கேன். அவருக்குக் கொட்டுச் சத்தம்தான் கேக்கு. 'மொதல்ல அந்தக் கொட்டை நிறுத்துய்யா'ங்காரு. நான் கொட்டுக்காரங்களைப் பாத்துத் தலைய ஆட்டுனேன். நிறுத்திட்டாங்க. அவருக்கு வெவரம் சொல்லணும்ல? அதுக்குத்தான் நிறுத்தச் சொன்னேன். வேற ஒண்ணுக்கும் இல்ல.

சொன்னேன். எங்கய்யா தவறிட்டாருண்ணேன்னு. மாவட்டம் நல்ல மனுசன்தான். 'அடடா, அப்பாவாய்யா'ன்னாரு. உச்சுக் கொட்டுனாரு. அப்புறம் சொன்னாரு, 'சரி, நடந்தது நடந்து போச்சு. ஆனா வீடியோ பாக்கிறவனுக்கு உங்கப்பான்னு தெரியுமாய்யா? அதே பாடை, அதே பொம்பளை, அதே நீ. பங்க்குக்கு முன்னாடி போனீன்னா உன் சீட்டும் போச்சு, என் பதவியும் போச்சு. பின்னாடி வழியாக் கொண்டு போயிரு. பாட்டு வேண்டாம். நாளைக்கு நானே மாலையோட வாரேன்'னாரு.

அவரு சொன்னதுலயும் ஞாயம் இருக்கத்தான செய்யுது? நீங்களே சொல்லுங்க. சேர்மனா வந்தா இந்த ஊருக்கு எம்புட்டு செய்யலாம். எங்கய்யா பேர்ல அந்த ஸ்டாண்டுக்கு ஒரு கூரை போட்டுக் குடுக்கலாம்னு மனசுல வச்சிருந்தேன். ஒரு நாள் ஊர்வலத்தப் பாத்தா அதெல்லாம் நடக்குமா?

சங்கிலி, 'தூக்குன பாடையத் திருப்பப்பிடாது மச்சான்'னான். திருப்பலடா, வழிய மாத்துறோம்னேன். சீனியம்மாகிட்டப் போயி, 'போதும் தாயி'ன்னேன். 'அடி முடியலண்ணே, அடுத்த அடி இருக்கு'ன்னா. வேண்டாம்னேன். 'பாதியில விட்டா இதை நான் எங்கண்ணே கொண்டு போயி எறக்குவேன்'னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. 'நிறுத்துன்னா நிறுத்து'ன்னு சத்தம் போட்டுட்டேன், பாடைக்கு முன்னாடி நின்னு. அவ அவுத்த தலைய முடிஞ்சுக்கிட்டு ரோட்டோரமா ஒதுங்கி நின்னா. மீன் மார்க்கெட்டுக்குப் பின்னாடி ஒரு சந்து இருக்கு. அது வழியாப் போனோம், கொட்டு இல்ல, பாட்டு இல்ல. தூக்கிட்டு வந்தவங்க செருப்புச் சத்தம்தான் கேட்டுச்சு. எங்கய்யா இருந்திருந்தா நக்கலா ஏதாவது சொல்லியிருப்பாரு.

மறுநாள் மாவட்டம் வரல. ஏதோ கல்யாணம்னு சொன்னாங்க. நான் அம்புட்டுச் செஞ்சும், கட்சிப் பேப்பர்ல எங்கய்யாவுக்கு ரெண்டு வரி இரங்கல் போடல அண்ணாச்சி. பக்கத்து நகரத்தோட மாமியாருக்குப் படத்தோட போட்டிருக்கான். அது என் மனச அறுத்துக்கிட்டே இருக்கு.

இல்ல, அது மட்டும் இல்ல. பங்க்ல சிரிக்கானுவன்னு சொன்னேன்ல, சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறானுவ. இருபது வருசமாக் கட்சியில இருக்கேன், சிரிப்பெல்லாம் பழக்கம்தான். பங்க்குக்கு நேர் எதிரதான் ஸ்டாண்டு. அன்னைக்கு அந்த லோடுமேன் ஆளுக எல்லாரும் வேலைய விட்டுட்டு, ஒரு பெரிய ரோசாப்பூ மாலை வாங்கி வச்சுக்கிட்டு, ரோட்டோரமா வரிசையா நின்னிருக்காங்க. அய்யாவ எறக்கி வைக்கணும்னு எடத்தக் கூட்டித் தண்ணி தெளிச்சு வச்சிருக்காங்க. லாரிக்காரன் சத்தம் போட்டிருக்கான், சரக்கு எறக்கலையான்னு. வெயிலுமுத்தண்ணன் வரட்டும்னு சொல்லியிருக்காங்க. சாயந்தரம் வரைக்கும் நின்னிருக்காங்க. ஆள் வந்து எரிச்சாச்சுன்னு சொன்னப்புறம், மூட்டைய இழுக்க எங்கய்யா வச்சிருந்த கொக்கி அங்க செவுத்துல தொங்குது, அதுல அந்த மாலைய மாட்டிட்டுப் போயிட்டாங்க. காஞ்சு போய்க் கெடக்கு. எடுக்க மாட்டேங்காங்க. என்னைய ஒரு வார்த்தை ஒருத்தரும் கேக்கல. நான் வண்டியோட வரிசையில நிக்கையில அதுதான் கண்ணுக்கு நேரா தெரியுது. அங்க எப்பிடி நான் பெட்ரோல் போட?

அதான் சீனியம்மாவப் பாக்கப் போறேன். நாளான்னைக்கு அய்யாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். விட்ட எடத்துல இருந்து அந்த அடியப் பாடி முடிக்கச் சொல்லணும், ஸ்டாண்டுல வச்சு. அவங்க எல்லாரும் இருக்கையில. சங்கிலியத்தான் மொதல்ல அனுப்புனேன். நிறுத்தச் சொன்னவரே வந்து கூப்பிடட்டும்னு சொல்லி விட்டுட்டா. நானே வாரேன்னு கெளம்பிட்டேன். கால்ல விழச் சொன்னாலும் விழணும்னுதான் வந்திருக்கேன்.

ஒரு நிமிசம் அண்ணாச்சி, போனு. மாவட்டம்.

சொல்லுங்கண்ணே. பஸ்ஸுல இருக்கேண்ணே, சத்தமாத்தான் கேக்கும். ஆமாண்ணே. அப்பிடியா? எப்ப? காலையிலயேவா? சரிண்ணே. நாளான்னைக்கா? அண்ணே, நாளான்னைக்கு எங்கய்யாவுக்கு... காரியம்ணே. ஆமா, காலையில முடிஞ்சிரும். மொட்டையாண்ணே? இருக்குண்ணே, இன்னும் சரியா மொளைக்கல. மீசையும் இல்ல. ம். ம். அந்தம்மா ஊருக்குத்தாண்ணே போய்க்கிட்டிருக்கேன். இல்லண்ணே, அது வேற விசயமா. சொல்லிப் பாக்கேண்ணே. சீட்டு விசயம் நீங்க பாத்துச் செய்வீங்க, எனக்குத் தெரியாதா. சரிண்ணே. சரி. வச்சிருதேன்.

கூட்டணி முறிஞ்சிருச்சாம் அண்ணாச்சி. பெட்ரோலுக்காக இல்ல, டெல்லியில ஒரு எம்.பி. சீட்டுக்காக. ஆனா பெட்ரோலுக்காகன்னு சொல்லணுமாம். விலை உயர்வுன்னே சொல்லலாமாம் இனிமே. நாளான்னைக்கு மாவட்டம் பூரா போராட்டம். ஜங்ஷன்ல, பங்க்குக்கு முன்னாடி. வண்டி, பாடை, கொட்டு, எல்லாம் போன தடவை மாதிரியே. மொட்டை ரெடியா இருக்கிறது நல்லதாப் போச்சுன்னாரு. தப்பா சொல்லல அவரு, பேச்சு வாக்குல வந்துருச்சு.

நான் சரின்னுதான் சொன்னேன். கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க.

காலையில அய்யாவுக்கு, சாயந்தரம் வண்டிக்கு. ரெண்டும் ஒரே எடம்தான். அந்தம்மாவுக்கும் ஒரு அலைச்சலோட போச்சு. அய்யாவுக்குன்னு சொல்லிக் கூப்பிட்டா வந்துருவா. வந்தப்புறம் மத்ததச் சொல்லிக்கிடலாம்ல? என்னன்னு சொல்லுவேன், தெரியல. அவ மூஞ்சியப் பாத்து எதை மொதல்ல கேக்க? நீங்க ஏன் அண்ணாச்சி சன்னல் பக்கம் பாக்கீங்க?

நத்தக்குளம் வந்துருச்சு. இந்தாங்க உங்க பை. எறங்குறதுக்கு முன்னாடி ஒரே ஒரு உதவி. ஏறின ஒடனே என்னைய ஒண்ணு கேட்டீங்கள்ல, பதில் சொல்லாமலே ஏதேதோ பேசிட்டேன். அதை இன்னொரு தடவை கேளுங்க. சும்மா கேளுங்க, பஸ்ஸு நிக்கத்தான் செய்யும்.

ஆமா அண்ணாச்சி. எங்கய்யா.